ஃபேரிங் விரிசலுக்குப் பசை மட்டும் போதுமா?

கேள்வி, ஈரோட்டிலிருந்து. 11 ஜூன் 2022

மழையில் மண் இளகி, சைடு ஸ்டாண்ட் உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிட்டது. இடது பக்க ஃபேரிங்கில் (வண்டியை மூடுகிற பிளாஸ்டிக் உறை) ஸ்க்ரூ துளையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். புது பேனல் விலை கட்டுப்படியாகாது. உடனடிப் பசையை ஊற்றி, மேலே ஆப்ப சோடாவைத் தூவினால் கல் மாதிரி இறுகிவிடுகிறது. ஒரு துண்டில் செய்தே பார்த்துவிட்டேன். அப்புறம் எதற்கு சால்டரிங், ஸ்டேப்ளர் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள்? பசையும் சோடாவும் போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

11 ஜூன் 2022, இரவு

போதாது தம்பி. கல் மாதிரி இறுகுதுன்னு சொல்றீங்களே, கோளாறே அதுதான். வண்டி ஓடும்போது ஃபேரிங் சும்மா நிற்பதில்லை. எஞ்சின் நடுங்கும், காற்று அழுத்தும், குழியில் இறங்கினால் எல்லாம் ஒரு தடவை முறுகும். பேனல் வளைந்து கொடுக்கும், சோடா போட்ட பசை கொடுக்காது. அந்தக் கட்டியின் ஓரத்தில்தான் அடுத்த விரிசல் பிறக்கும்.

2019-இல் என் 150 சிசி வண்டியில் இதையேதான் செய்தேன். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நாலு தடவை போய் வந்திருப்பேன். ஒட்டின கோடு அப்படியே இருந்தது. அதற்கு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புதுசாக ஒரு கோடு, பழையதைவிட நீளமாக.

பேனலைக் கழற்றி உள்பக்கம் என்ன அச்சு இருக்குன்னு பாருங்க. அது தெரியாமல் நான் சொன்னாலும் சரி, வேறு யார் சொன்னாலும் சரி, எந்த வைத்தியமும் செய்யாதீங்க.

12 ஜூன் 2022

என்ன அச்சு என்று கேட்டிருக்கீங்க. பெரும்பாலான பேனல்களின் உள்பக்கம், எதிரெதிரே நிற்கும் ரெண்டு அம்பு முனைகளுக்கு நடுவில் சின்ன எழுத்து வார்த்திருப்பாங்க. ஏபிஎஸ் அல்லது பிபி, ரெண்டும் பிளாஸ்டிக் வகைகள். சேறு அப்பியிருக்கும், பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் போட்டுத் தேய்த்தால் தெரியும். பளபளன்னு பெயிண்ட் அடித்த பேனல் அநேகமாக ஏபிஎஸ். பெயிண்டே இல்லாமல் கறுப்பாக, மெழுகு தடவின மாதிரி வழுவழுன்னு இருக்கிற மட்கார்டு உள்பாகம், ஸ்கூட்டரில் கால் வைக்கிற தட்டு இதெல்லாம் அநேகமாக பிபி.

எழுத்து இல்லையென்றால் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவி ஒரு சொம்புத் தண்ணியில் போடுங்க. பிபியின் அடர்த்தி 0.9 தான், மிதக்கும். ஏபிஎஸ் 1.05 பக்கம், மூழ்கும். காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு ஏபிஎஸ்ஸையும் மிதக்க வைத்து ஏமாற்றும், அதனால் விரலால் முக்கி விட்டுப் பாருங்க. பெயிண்ட் ஒட்டின சீவல் வேண்டாம். அடுத்த சோதனை அசிட்டோன், சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கிற திரவம். வெளியே தெரியாத இடத்தில் பஞ்சால் ஒரு சொட்டு. ஏபிஎஸ் என்றால் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்து விரல் ரேகை பதியும். பிபி அப்படியே இருக்கும்.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. ஏபிஎஸ்ஸைக் கரைக்கலாம், உருக்கலாம், எபாக்ஸி போட்டும் பிடிக்க வைக்கலாம். பிபியை வீட்டில் உருக்க மட்டும்தான் முடியும். அதன் மேல் போடுகிற சாதாரணப் பசையெல்லாம் தாமரை இலைத் தண்ணி.

12 ஜூன் 2022, கொஞ்ச நேரம் கழித்து

அசிட்டோன் என்று எழுதிவிட்டு எச்சரிக்கை போடாமல் விட்டது என் தப்பு. ஹெட்லைட் மூடி, மேலே இருக்கிற வைசர் பக்கமே அதைக் கொண்டு போகாதீங்க. அவை பாலிகார்பனேட், இல்லையென்றால் அக்ரிலிக். ஒரு சொட்டு பட்டாலும் வெளுத்து, உள்ளே நுண்ணிய விரிசல் ஓடும். துடைக்கிறேன் என்று பெயிண்ட் தின்னரையும் ஏபிஎஸ் மேல் தேய்க்க வேண்டாம், அதுவும் அரிக்கும். சோப்புத் தண்ணி போதும்.

15 ஜூன் 2022

ஏபிஎஸ் என்று வந்துவிட்டதா, நல்லது. நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று பார்க்கணும். கண்ணுக்குத் தெரிகிற முனையோடு அது நிற்பதில்லை. பேனலை வெயிலுக்கு நேராகப் பிடித்து லேசாக வளைத்தால், தலைமுடி அளவு வெள்ளைக் கோடு இன்னும் அரை இஞ்ச் ஓடியிருப்பது தெரியும். அந்த முனையில் 2.5 மில்லிமீட்டர் துளை போடுங்க. கூரான முனையில்தான் இழுவை முழுக்கக் குவிகிறது. முனையை உருண்டையாக்கிவிட்டால் குவிய இடமில்லை. துணியில் கிழிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் முனையில் அம்மா ரெண்டு முடிச்சுத் தையல் போடுவாங்களே, அந்த வேலையை இந்தத் துளை செய்யும்.

அடுத்து முன்பக்கம் ரெண்டு விளிம்பையும் சமமாகச் சேர்த்து அலுமினிய டேப் ஒட்டுங்க. விளிம்பு ஏறி இறங்கி இருந்தால் இப்பவே சரி செய்யணும், பிறகு பட்டி பார்த்து மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பட்டி கனமாகி உதிரும். பேனலே கோணியிருந்தால் கொதிக்கிற தண்ணியை மெதுவாக ஊற்றி, துணியால் பிடித்து, வழிக்குக் கொண்டு வந்து அப்படியே ஆற விடுங்க.

பின்பக்கம் விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கணும், கனத்தில் மூன்றில் ரெண்டு பங்கு ஆழம். சால்டரிங் அயர்னால் இஞ்சுக்கு ஒரு இடம் வீதம் உருக்கிப் பிடிக்க வைத்து, பிறகு அதே ஏபிஎஸ்ஸில் வெட்டின கீற்றைக் காடிக்குள் உருக்கி இறக்குங்க. கீற்றுக்கு நான் உக்கடம் பழைய சாமான் கடைகளில் உடைந்த டூம் (ஹெட்லைட்டைச் சுற்றி வருகிற உறை) ஒன்றை எடுத்து வந்தேன். உள்ளே அச்சைப் பார்த்துத்தான் எடுத்தேன். மேலோட்டமாகத் தடவக் கூடாது; அடியில் இருக்கிற பழைய பிளாஸ்டிக்கும் இளகி, புதுசும் பழசும் ஒரே குழம்பாகச் சேரணும்.

பலம் வருவது ஸ்டேப்ளரில்தான். ஹாட் ஸ்டேப்ளர் என்று கேட்டால் கிடைக்கும். வளைந்த கம்பி ஊசியை முனையில் செருகி ஸ்விட்சை அமுக்கினால் ரெண்டு மூன்று வினாடியில் ஊசி சூடாகும். விரிசலுக்குக் குறுக்கே வைத்து அழுத்தாமல் சும்மா பிடியுங்க. ஊசியைச் சுற்றி ஏபிஎஸ் முதலில் மினுமினுக்கும், பிறகு ஓரத்தில் சின்னதாகக் குமிழ் வரும், அந்த நேரத்தில் ஊசி தானாக இறங்கும். கனத்தில் பாதி இறங்கினதும் ஸ்விட்சை விட்டுவிட்டு, கையை ஆட்டாமல் அஞ்சு எண்ணுங்க. அவசரப்பட்டு இழுத்தால் ஊசியும் கூடவே வந்துவிடும், நடுவில் பள்ளம் மிஞ்சும். ரொம்ப நேரம் அமுக்கினால் முன்பக்கம் பெயிண்டில் மேடு தட்டும். முதல் நாலு ஊசியைப் பழைய துண்டில் போட்டுப் பழகிவிட்டு வண்டிப் பேனலுக்கு வாங்க.

ஸ்டேப்ளர் வாங்க மனசில்லையென்றால் ஜன்னலுக்கு அடிக்கிற எவர்சில்வர் கொசுவலைத் துண்டு. விரிசல் மேல் வைத்து சால்டரிங் அயர்னால் அழுத்தினால் வலைக் கண் வழியாக ஏபிஎஸ் பிதுங்கி மேலே வரும். அதன் மேல் இன்னொரு கீற்றை உருக்கி மூடுங்க. நைலான் கொசுவலை உதவாது.

உருக்கும்போது வரும் புகையில் ஸ்டைரீன் உண்டு. தலைவலி நிச்சயம். மொட்டை மாடியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்க.

19 ஜூன் 2022

கேபிள் டையை உருக்கி ஊற்றலாமே என்று சேலத்து நண்பர் எழுதியிருக்கார். போன வருஷம் இதே இடத்தில் நானே அதைச் சொல்லியிருக்கேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். கேபிள் டை நைலான். 250 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும், உருகினாலும் ஏபிஎஸ்ஸோடு கலக்காது. பார்க்க வெல்டு மாதிரியே இருக்கும். நான் போட்டதை ரெண்டு மாதம் கழித்துத் திருப்புளி முனையால் நெம்பிப் பார்த்தேன். பலாக்கொட்டைத் தோல் மாதிரி ஒரே உரியலாகக் கையோடு வந்தது. அடியில் இருந்த ஏபிஎஸ் வழுவழுன்னு அப்படியே இருந்தது.

கேபிள் டைக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. பயணத்தின் நடுவில் உடைந்தால் விரிசலுக்கு ரெண்டு பக்கமும் துளை போட்டு, தையல் மாதிரி கட்டி வீடு வந்து சேரலாம்.

2 ஜூலை 2022

ஏபிஎஸ்ஸை அசிட்டோனில் கரைத்துச் செய்கிற கூழ் பற்றிக் கேட்டிருந்தாங்க. ஏபிஎஸ் சீவலை மூடி இறுக்கமான கண்ணாடி சீசாவில் போட்டு, சீவல் நனைகிற அளவு அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் குச்சியால் கிளறினால் கேழ்வரகுக் கூழ் பதத்தில் இருக்கணும். தண்ணியாக இருந்தால் இன்னும் சீவல், கட்டியாக இருந்தால் இன்னும் ரெண்டு சொட்டு. பெட்ரோல் போல ஓடுகிற கூழ் எதற்கும் ஆகாது. லெகோ கட்டைகளை வெட்டிப் போடலாமா என்று ஒருத்தர் கேட்டிருக்கார். தாராளமாக. 1963-இலிருந்து அந்தக் கட்டைகளுக்கு ஏபிஎஸ்தான். வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எடுங்க.

இந்தக் கூழ் பசை மாதிரி மேலே ஒட்டி நிற்பதில்லை. அசிட்டோன் பேனலின் தோலையும் இளக்கி, தான் பறந்து போன பின் ரெண்டையும் ஒரே பொருளாக விட்டுவிட்டுப் போகும். முன்பக்கம் மிச்சமிருக்கிற மெல்லிய கோட்டுக்கும், உடைந்த லாக்கை (பேனலைச் செருகி மாட்டுகிற கொக்கி) திரும்பக் கட்டுவதற்கும் இதைவிட நல்லது கிடையாது. என் வண்டியில் டேங்குக்குக் கீழே செருகுகிற ஒரு லாக் மொட்டையாகப் போயிருந்தது. உக்கடத்து டூமில் இருந்தே ஒரு லாக்கை அறுத்து, அடியைத் தேய்த்து, கூழ் வைத்து நிறுத்தி, பின்பக்கம் ஒரு ஊசி போட்டேன். இன்றைக்கும் 'டக்' என்று விழுகிறது.

ஒன்று சொல்லியே ஆகணும். அன்றைக்கு அந்த வேலையைக் கூடத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன், சீசா மூடி திறந்து கிடந்தது. சாயங்காலம் ஆறு மணி. அம்மா விளக்கேற்ற தீப்பெட்டியை எடுத்த சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆனது. அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும், பொறி ஒன்று போதும். "அம்மா, பத்த வைக்காதீங்க" என்று கத்தினேன். அன்றிலிருந்து கூழ் வேலை மாடியில்தான், அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே.

9 ஜூலை 2022

"அந்தக் காலத்து வண்டியில் இந்தத் தொல்லையே இல்லை, தகரம்தான்" என்று பெரியவர் ஒருவர் எழுதியிருக்கார். உண்மைதான் ஐயா. தகர மட்கார்டு நெளிந்தால் டிங்கரிங் கடையில் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் முடிந்தது. அந்தக் கைத்தொழில் ஊருக்கு ஊர் இருந்தது. நம்ம தெருவில் பாதி ஃபேரிங் வந்தது 2003 ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவோடு, முழு ஃபேரிங் சகஜமானது 2008 யமஹா ஆர்15-க்குப் பிறகு. தகரம் தட்டத் தெரிந்த கைகளுக்கு பிளாஸ்டிக் உருக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. மாற்றிவிடுங்க என்ற ஒரே பதில்தான் எங்கேயும். ஒரு லாக் போனதற்காக முழுப் பேனலையும் குப்பையில் போடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் இதைப் படிக்க ஆரம்பித்ததே அந்த ஆத்திரத்தில்தான்.

27 ஆகஸ்ட் 2022

ஜூலை 2 குறிப்பில் சொன்ன கூழ் பற்றி ஒரு திருத்தம். கூழ் பூசி ஒரு ராத்திரி காய்ந்தால் தேய்க்கலாம் என்று வேறொருவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். அவர் தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டார். மூன்று வாரத்தில் கோடு திரும்பவும் தெரிகிறதாம், உடையவில்லை, பள்ளமாக. என் பேனலையும் சாய்வு வெயிலில் பார்த்தேன். அதேதான்.

காரணம் அசிட்டோன் உள்ளே தங்கியிருப்பது. மேல்தோல் இறுகிவிடும், அடியில் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். போகப் போகக் கூழ் சுருங்கிப் பள்ளம் விழும். ஒரே தடவை அப்பாமல் மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரம் வெயில் படும் இடத்தில் பேனலை வைத்துவிட்டு மறந்துவிடுங்க. பிறகு 180, 320, 600 எண் உப்புத்தாளால் தண்ணி தொட்டுத் தேய்ப்பு.

பெயிண்ட் வேலையைப் பெயிண்டரிடமே கொடுக்கிறேன். பளபளப்புக்கு அடிக்கிற ரெண்டு பாகக் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது, ஒரு தடவை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு விடாது. அதை வீட்டு மாடியில் அடிக்க யாருக்கும் சொல்ல மாட்டேன்.

18 செப்டம்பர் 2022

ஈரோட்டுத் தம்பி எழுதியிருக்கார்: வெல்டு, ஊசி எல்லாம் சொன்னபடி செய்தேன், வெல்டு அப்படியே இருக்கு, ஆனால் ஸ்க்ரூ துளையின் மறுபக்கம் புதுசாக ஒரு விரிசல். படம் பார்த்தேன். பார்த்ததும் என் மேலேயே வருத்தம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன். தம்பி, ஸ்க்ரூ போடும்போது துளையும் பிராக்கெட்டும் தானாக நேருக்கு நேர் வந்ததா, இல்லை பேனலைத் தள்ளிப் பிடித்து மாட்டினீங்களா?

19 செப்டம்பர் 2022

தள்ளிப் பிடித்துத்தான் மாட்டினாராம்.

வண்டி சாய்ந்தபோது பேனல் மட்டும் அடி வாங்கவில்லை. உள்ளே அதைத் தாங்குகிற கம்பி பிராக்கெட்டும் அரை இஞ்ச் உள்ளே போயிருக்கும். வெளியே தெரியாது. அதோடு பேனலை இழுத்து ஸ்க்ரூ போட்டால், வண்டி நிற்கும்போதே பேனல் ராத்திரி பகலாக இழுபட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை ஊசி போட்டாலும் வெல்டு நிற்கும், பக்கத்தில் கிழியும். என் 2019 விரிசலுக்கும் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கணும். பழியை முழுக்க சோடாவின் மேல் போட்டுவிட்டேன். சோடா தப்பு என்பதில் மாற்றமில்லை, ஆனால் அது மட்டும் தப்பில்லை.

பேனல் இல்லாமல் பிராக்கெட்டைப் பாருங்க. இன்னொரு பக்கத்தோடு ஒரு குச்சியை வைத்து அளந்து ஒப்பிடுங்க. குழாயைச் செருகி மெதுவாக வளைத்து நேராக்கலாம். அப்புறம் பேனலை வைத்தால் ஸ்க்ரூ விரலாலேயே முதல் நாலு சுற்று ஏறணும். அதுதான் அளவுகோல்.

ரப்பர் புஷ், அதற்குள் இருக்கிற குட்டி உலோகக் குழல், ரெண்டும் இருக்கிறதா பாருங்க. சர்வீசுக்குக் கழற்றுகிறபோது தொலைவது இவைதான். குழல் இல்லாவிட்டால் ஸ்க்ரூ தலை நேரே பிளாஸ்டிக்கை நசுக்கும். ஸ்க்ரூ கழலாமல் இருக்கத் தடவுகிற லாக் திரவத்தை ஏபிஎஸ் பக்கம் கொண்டு வராதீங்க. இறுக்கத்தில் இருக்கிற ஏபிஎஸ்ஸில் அது பட்டால் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். பிரேக் ஆயில் சிந்தினாலும் உடனே கழுவிவிடணும்.

6 நவம்பர் 2022

தங்கச்சி ஸ்கூட்டரின் உள் மட்கார்டு கிழிந்து வந்தது. மிதக்கும் சாதி, பிபி. கீற்றுக்குச் சமையலறைக்குத்தான் போனேன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கிற டப்பா எல்லாம் பிபி. மூடி உடைந்த ஒன்றைக் கீற்றுக் கீற்றாக வெட்டினேன். ஏபிஎஸ் மாதிரி இது சீக்கிரம் ஒட்டாது, அடிப் பிளாஸ்டிக் ஈரம் பூத்த மாதிரி மினுங்கும் வரை சூடு காட்டிவிட்டுத்தான் கீற்றை அழுத்தணும். ரெண்டு தடவை உரிந்து வந்தது. மேல்தோலைச் சுரண்டி அழுக்கு இல்லாமல் ஆக்கின பிறகு பிடித்தது. குறுக்கே ஆறு ஊசி. டப்பா வெள்ளை, மட்கார்டு கறுப்பு, அதனால் தழும்பு தெரிகிறது. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற இடம், தங்கச்சி பரவாயில்லை என்றுவிட்டாள்.

12 பிப்ரவரி 2023

பிராக்கெட் நேராக்கின பிறகு ஈரோட்டு வண்டியில் புது விரிசல் இல்லை என்று தகவல். புஷ்ஷும் குழலும் புதுசு போட்டிருக்கார்.

என் வண்டியிலும் நவம்பரில் பிராக்கெட்டை நேராக்கி, பழைய சோடாக் கட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்து, காடி போட்டு, பதினோரு ஊசி வைத்து மூடினேன். உள்பக்கம் துளைக்கு அந்தண்டை வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்தேன். விரிசல் நகர்ந்தால் அந்தக் கோட்டைத் தொடணும்.

போன ஞாயிறு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறி இறங்கினேன், நாற்பது கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகச் சாலையில் குழி. இன்றைக்குப் பேனலைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தேன். துளையைத் தாண்டி வெள்ளையாக எதுவும் ஓடவில்லை, மார்க்கர் கோடு அப்படியே இருக்கிறது. ஒரு ஊசியின் முனை மட்டும் லேசாகத் துரு பிடித்திருந்தது. எவர்சில்வர் ஊசி என்று கேட்டு வாங்காமல் விட்டிருக்கிறேன். அதன் மேல் ஒரு சொட்டுக் கூழ் வைத்து மூடி, மாடியில் காய வைத்திருக்கிறேன்.